பூண்டு போடுகிறவர் மகள் ஜீனோம் படித்தால் என்ன வேலை?

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து பூண்டு விவசாயம் செய்கிற ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "பொண்ணு ப்ளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப், கவர்மென்ட் ஸ்கூல். நீட் எழுத மாட்டேன், செடிகளோட ஜீனோம் பத்திப் படிக்கப் போறேன்னு நிக்கிறா. காட்டு வேலையே வேண்டாம்னுதான் படிக்க வெச்சேன். மறுபடியும் செடி கொடின்னா எப்படி சார்?"

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலை விழுந்த வாரம் மூட்டையோடு நின்றவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் கேட்பார். ஆனால் உங்கள் மகள் கேட்பது காட்டு வேலை இல்லை. ஜீனோம் என்றால் ஓர் உயிரின் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் மொத்த மரபுக் குறிப்பு. காட்டில் நீங்கள் படுகிற பாட்டுக்குக் காரணம் தேடுகிற வேலை.

உங்கள் பூண்டையே பாருங்கள். அதில் விதை பிடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பல்லை ஊன்றியே வந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் நகல்தான். நெல்லில் இரண்டு ரகத்தைக் கலந்து புது ரகம் எடுக்கிற மாதிரி இதில் சுலபத்தில் முடியாது. இருப்பதில் நல்லதைப் பொறுக்கிப் பெருக்க வேண்டும். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'ஊட்டி 1' ரகம் அந்த வழியில் வந்ததுதான். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. விதைப்பூண்டில் வைரஸ் இருந்தால், அடுத்த போகத்துக்கும் அதைச் சேர்த்தே ஊன்றுகிறீர்கள்.

2020-ல் சீன விஞ்ஞானிகள் பூண்டின் ஜீனோமைப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 1,600 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதருக்கு 300 கோடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்! பூண்டில் கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி மரபணு இல்லை. பரிணாமப் போக்கில் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகிய துண்டுகள். அந்தக் கூட்டத்துக்குள் காரத்துக்கு எது காரணம், பல் பருக்க எது காரணம், பூத்தும் விதை பிடிக்காமல் போவது ஏன் என்று தேடிப் பிடிக்க ஆள் வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, சரி. ஆனால் சந்தையில் வேறு ரகப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்றால், உரித்துப் பார்த்து எத்தனை பேரால் சொல்ல முடியும்? ரகத்தைப் பிரித்துக் காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களை உருவாக்குவதும் இந்தத் துறைக்காரர்களின் வேலைதான்.

ஆய்வக வேலை காட்டுக்கு உதவும் என்பதற்கு உள்ளூரிலேயே சாட்சி உண்டு. பழனி மலையின் விருப்பாச்சி வாழை முடிக்கொத்து நோயில் கிட்டத்தட்ட அழிந்து, ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த நோயில்லாத கன்றுகளால் மறுபடி தலையெடுத்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மருந்துச் செடி பக்கம் வந்தால், மலையை விட்டு இறங்கியதுமே ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு வளர்க்கிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கீல்வாதத்துக்கு மருந்து. அதே பொருளைச் செடியின் குருத்தில் வைத்தால், செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் இரட்டிக்கும், செல் மட்டும் பிரியாமல் நின்றுவிடும். 1937-லேயே தெரிந்த விஷயம் இது. விதையில்லாத தர்பூசணி இந்த வழியில் வந்ததுதான். 2020-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், இதே செங்காந்தளில் கோல்ச்சிசின் படிப்படியாக உருவாகும் பாதையின் மரபணுக்களைக் கண்டுபிடித்து, பாதையின் பெரும்பகுதியைப் புகையிலைக் குடும்பத்துச் செடி ஒன்றில் ஓட்டியும் காட்டினார்கள். செடி நம் ஊரில், ஆராய்ச்சி அங்கே. எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

இப்போது வேலைக்கு வருவோம். என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன்: இளநிலையிலேயே 'ஜீனோமிக்ஸ்', 'பயோடெக்' என்று பெயர் பளபளக்கிற மூன்று வருடப் படிப்பில் சேர்க்காதீர்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட தோட்டக்கலை அல்லது வேளாண்மைப் பட்டத்தில் சேருங்கள். நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உங்களுக்கு மலையடிவாரம். இந்தப் பட்டம் கையில் இருந்தால், ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் டி.என்.பி.எஸ்.சி. மூலம் பட்டத்துக்கு ஏற்ப தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம், விதைக் கம்பெனிக்குப் போகலாம். பொது பயோடெக் பட்டத்துக்கு அந்தக் கதவுகள் பெரும்பாலும் திறப்பதில்லை.

ஜீனோம் எல்லாம் முதுநிலையில். பயிர்ப் பெருக்கம், உயிர்த் தொழில்நுட்பம், உயிர்த் தகவலியல் என்று கோவையிலேயே பிரிவுகள் உண்டு. ஆய்வகத்தில் டி.என்.ஏ. எடுப்பதைவிட, வருகிற டேட்டாவைப் புரிந்துகொள்ளத்தான் ஆள் பற்றாக்குறை. அதனால் அவள் கணக்கை விட்டுவிடக் கூடாது. புள்ளியியலும் பைத்தான் என்கிற கணினி மொழியும் கற்றுக்கொண்டே வரட்டும்.

காலம் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. நான்கு வருடம், இரண்டு வருடம், பிஎச்.டி.க்கு நான்கைந்து வருடம். முடிக்கும்போது வயது 28 ஆகிவிடும், நடுவில் சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். ஆனால் பிஎச்.டி. காலத்துக்கு உங்கள் பணம் வேண்டியிருக்காது: தேசியத் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் அவளைத் தாண்டிக்குடி வழியில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் உள்ளே போய்ப் பாருங்கள், வாசலில் நிற்க வேண்டாம். விதைப்பூண்டு பற்றி உங்களுக்கும் கேட்க நாலு கேள்வி இருக்கும்.

அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு. அதற்கான படிப்புச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் விண்ணப்பத் தேதி தாண்டிவிடும்.