‘பேர் அவுட்’ எங்கே பொருந்தும்?

கேள்வி: ஐயா, ஆங்கிலத்தில் ‘பேர் அவுட்’ (bear out), ‘கன்ஃபர்ம்’ (confirm) இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ‘பேர் அவுட்’ வர வேண்டுமானால் முதலில் ஒரு கூற்று இருக்க வேண்டும். அதற்குச் சான்று துணைநிற்க வேண்டும்; அப்படித் துணைநிற்பதே ‘பேர் அவுட்’. 1682இல் தாம் கண்ட வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பும் என்று ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி கணித்தார். 1742இல் அவர் மறைந்தார். 1758 டிசம்பரில் அது மீண்டும் தென்பட்டது. ‘தி காமெட்ஸ் ரிட்டர்ன் போர் அவுட் ஹிஸ் ப்ரெடிக்‌ஷன்’ என்று இதைச் சொல்லலாம்; வால்நட்சத்திரம் திரும்பியது அவருடைய கணிப்பை மெய்ப்பித்தது என்று பொருள். ‘போர்’ (bore) என்பது ‘பேர்’ என்பதன் இறந்தகால வடிவம். ரயில் டிக்கெட்டையோ விடுதி அறையையோ ‘கன்ஃபர்ம்’ செய்யலாம். அங்கே மெய்ப்பிக்க எந்தக் கூற்றும் இல்லை, ஆகவே ‘பேர் அவுட்’ ஒருபோதும் வராது.

கேள்வி: ‘பேர் அவுட்’டின் இன்னொரு வடிவமான ‘பார்ன் அவுட்’ என்பதில், ‘பார்ன்’ என்ற சொல்லின் கடைசியில் ‘ஈ’ உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. பி, ஓ, ஆர், என், ஈ. ‘ஈ’ இல்லாவிட்டால் அது பிறப்பைக் குறிக்கும் சொல்.

கேள்வி: ‘பேர் அவுட் மீ’ என்று எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டார். ஏன்?

பதில்: ‘மீ’, ‘இட்’, ‘தெம்’ போன்ற சொற்கள் நடுவில்தான் அமரும். ‘மை நெய்பர்ஸ் வில் பேர் மீ அவுட்’ என்றால், நான் சொல்வது உண்மையென்று அண்டை வீட்டார் சாட்சி சொல்வார்கள் என்று பொருள். பெயர்ச்சொல்லானால் முன்னும் வரலாம், பின்னும் வரலாம்.

கேள்வி: ‘பேர் வித் மீ’யும் இதே குடும்பமா?

பதில்: அது ‘சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்’. வேறொன்றும் இல்லை.

கேள்வி: ‘தி ஃபிகர்ஸ் டு நாட் பேர் திஸ் அவுட்’ என்பதை ‘இது பொய் எனப் புள்ளிவிவரம் நிரூபிக்கிறது’ என்று மொழிபெயர்த்தேன். சரியா?

பதில்: தவறு, தம்பி. செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். புள்ளிவிவரம் அந்தக் கூற்றுக்குத் துணைநிற்கவில்லை என்பது மட்டுமே அந்த வாக்கியம். பொய் என்று அது சொல்லவில்லை. சொன்னவர்மேல் பழி சுமத்தவும் இல்லை. ‘நாட்’ இல்லாத உடன்பாட்டு வாக்கியத்திலும் இதே அளவுதான்: சான்று துணைநிற்கிறது என்பது மட்டுமே, முடிவாக நிரூபித்துவிட்டது என்பதல்ல. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள், ஒளி வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பை ‘போர் அவுட்’ செய்தன. ஆனாலும் பிந்தைய கிரகணங்களிலும் விஞ்ஞானிகள் அளந்துகொண்டேதான் இருந்தார்கள். ‘இந்தக் கூற்றைப் புள்ளிவிவரங்கள் உறுதிப்படுத்தவில்லை’ என்று எழுதுங்கள்.