வீட்டுச் சோலாருக்கு டியூபுலர் பேட்டரியா, லித்தியமா?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. வீட்டுச் சோலாருக்கு டியூபுலர் (தண்ணி ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரியில் ஒரு வகை) வாங்குவதா, லித்தியம் வாங்குவதா என்ற கேள்வியோடுதான் நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டிய 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியை மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தேன். ரெண்டு வருஷம்கூட முழுசாக வரவில்லை. பாதித் தப்பு அவருடையது, பாதி என்னுடையது.

அவர் கொடுத்தது சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி. ஸ்டிக்கரில் சி20 என்று இருந்தது. 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 ஏஎச் முழுதாகக் கிடைக்கும், வேகமாக எடுத்தால் குறையும். எப்போதாவது கரண்ட் போகிற வீட்டுக்கு அது போதும். தினமும் பகலில் ஏறி ராத்திரியில் இறங்குகிற சோலாருக்கு சி10, அதாவது 10 மணி நேரத்தில் எடுத்தாலே முழுதாகக் கிடைக்கும் என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும்.

நான் செய்தது, அதைத் தகர ஷெட்டில் வைத்தது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் மே மாதத்தில் தகரத்துக்கு அடியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அது போதாதென்று, டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்த ஒரு நாள் போர் தண்ணியை ஊற்றிவிட்டேன். ஃப்ளோரைடு அதிகம் என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்த ஊரில், நாம் குடிக்காத தண்ணி பேட்டரிக்கு மட்டும் ஆகுமா?

இரண்டாவது முறை வாங்கும் முன் ராத்திரிச் செலவை எழுதிப் பார்த்தேன். பழைய சீலிங் ஃபேன் ரெண்டு, 75 வாட் வீதம் 10 மணி நேரம்: 1500 வாட் அவர். அதே இடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 600. மிச்சம் 900. ஒரு 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலரில் மொத்தம் இருப்பதே 12 × 150 = 1800 வாட் அவர்தான், நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது ரெண்டு ஃபேனை மாற்றியதில் ஒரு பேட்டரியே மிச்சம்! கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஃபேன், நாலு எல்இடி பல்பு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1100 வாட் அவர் சொச்சம். இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து 1300 என்று வைத்துக்கொண்டேன். டியூபுலரில் இதற்கு 150 ஏஎச் ரெண்டு வேண்டும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம் என்பதால் 12.8 வோல்ட் 150 ஏஎச் ஒன்றே போதும். அதைத்தான் வாங்கினேன். "லித்தியம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி, உள்ளே பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணி ஊற்றும் வேலை கிடையாது. ஆனால் இதையும் நிழலில்தான் வைக்க வேண்டும்.

எல்லாருக்கும் லித்தியம் என்று சொல்ல மாட்டேன். கையில் பணம் குறைவு, மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தண்ணி பார்க்கப் பொறுமை உண்டு என்றால் சி10 டியூபுலர் நல்ல சாமான். காற்றோட்டமான இடம் வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். ரெண்டு பேட்டரி போட்டால் ரெண்டும் ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். புதுசோடு பழசைச் சேர்த்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம், கரண்ட் அதிகம் போகாத டவுன் வீடு, பில் குறைந்தால் போதும் என்றால் பேட்டரியே வேண்டாம். மின்வாரிய லைனோடு இணைக்கும் ஆன்கிரிட் போடுங்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் அதற்குத்தான் உண்டு. ஒன்று மட்டும்: கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் என் பழைய சார்ஜ் கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இல்லாததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய டியூபுலரைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈயத்துக்கு எடை போட்டு விலையில் கழிப்பார்கள்.