'ஒன்லி' என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே போடுவது?

ஒன்லி என்றால் 'மட்டும்'. பெயர்ச்சொல்லுக்கு அடையாக வந்தால் 'ஒரே': 'த ஒன்லி வே', ஒரே வழி. சிக்கல் இடத்தில்தான். தமிழில் 'மட்டும்' பின்னால் ஒட்டும். ஒன்லி பெரும்பாலும் முன்னால் நிற்கும். 'ஒன்லி ரவி ஏட் கேக்' என்றால் வேறு யாரும் கேக் சாப்பிடவில்லை. 'ரவி ஏட் ஒன்லி கேக்' என்றால் ரவி வேறெதையும் சாப்பிடவில்லை. பேச்சில் வினைக்கு முன் போட்டுவிட்டு, குரல் அழுத்தத்தால் பொருளைக் காட்டலாம். எழுத்தில் அது கேட்காதே! சுட்டும் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நாம் அதிகம் சறுக்குவது 'தான்' வரும்போது. 'அவர்தான் சொன்னார்' என்பதை 'ஹி ஒன்லி டோல்ட் மீ' என்றால், 'என்னிடம் மட்டும் சொன்னார்' என்றோ 'வெறுமனே சொன்னார்' என்றோ புரிந்துகொள்வார்கள். 'ஹி இஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ' என்பதே சரி. ஆனால் 'நேற்றுதான் வந்தேன்' என்பதற்கு ஒன்லி பொருந்தும்: 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே'.