பயந்தால் கழிச்சல்: மணியின் வயிற்றை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: எங்கள் மணிக்கு மூன்று வயது. நாட்டு நாய்க் கலப்பு, கருத்தடை செய்த ஆண், எடை 12 கிலோ. இடியோ வெடியோ கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவான். நாங்கள் வேலைக்குக் கிளம்பினாலே கதவைப் பிறாண்டுவான். அந்த மாதிரி நாட்களில் அன்றைக்கோ மறுநாளோ கழிச்சல் வந்துவிடும். அதில் சளியும் சில சமயம் ரத்தத் துளியும் இருக்கும். மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் நிற்கிறது, அடுத்த மாதம் திரும்பவும் வருகிறது. பால், பிஸ்கட், தயிர் சாதம், வாரம் இரண்டு முறை கோழி ஈரல் கொடுக்கிறோம். தீபாவளிக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வது பெருங்குடலில் இருந்து வரும் கழிச்சல். ஒரு நாளில் ஆறேழு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போவான். சளி இருக்கும், கடைசியில் சிவப்பாக ஒரு சொட்டு ரத்தம் வரும். சிறுகுடல் கெட்டிருந்தால் படம் வேறு. இரண்டு மூன்று தடவைதான் போகும், ஆனால் நிறையப் போகும். நாளாக ஆக எடையும் குறையும். பயம் வந்தவுடன் மூளையிலிருந்து கிளம்பும் நரம்புத் தூண்டுதலும் ஹார்மோன்களும் பெருங்குடலின் அசைவை வேகப்படுத்துகின்றன. மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை, சளி அதிகமாகச் சுரக்கிறது. இப்படி வரும் கழிச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். மெட்ரானிடசோலால் நின்றதுபோலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மருந்து குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கலைத்துவிடும். அவை பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதை நீங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் ‘பயம்தான் காரணம்’ என்று முடிவு கட்டுமுன் ஒரு முறை முழுப் பரிசோதனை தேவை. புதிதாகப் போன மலத்தைச் சுத்தமான டப்பாவில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஜியார்டியா என்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணி, சாட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கு அருகில் உள்ள அட்ரினல் சுரப்பி சரியாகச் சுரக்காத அடிசன் நோயிலும் இதே கதைதான்: பதற்றமான நாட்களில் வாந்தி, கழிச்சல், சோர்வு, இடையில் நன்றாக இருக்கும். அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மறுதலையும் உண்டு. வயிறு வலிக்கிற நாய்க்குப் பதற்றம் கூடும். மணி தரையை, சுவரை ஓயாமல் நக்குகிறானா, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பாலை இன்றே நிறுத்திவிடுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. பிஸ்கட்டும் வேண்டாம். ஈரல் கெட்டதில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திடீரென்று சேர்ப்பது மணியின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. கழிச்சல் உள்ள நாட்களில் எண்ணெய், உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 90 கிராம், குழைய வடித்த சோறு 230 கிராம் (இரண்டும் வெந்த பிறகு எடை போட்டது). இது ஒரு நாள் அளவு. நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பட்டினி போட வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் அரைத் தேக்கரண்டி இசப்கோலை நிறையத் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கலாம். சுவையூட்டியது வேண்டாம், வெறும் உமி போதும். மலம் இறுகி இரண்டு நாள் ஆனதும், ஏழு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான உணவுக்கு மாற்றுங்கள்: முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். கோழியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் உட்படப் பல சத்துகள் கிடைக்காது. வழக்கமான உணவாக ஒரே வகைச் சமச்சீர் உணவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். மணிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கலோரி வேண்டும். காலையில் மஞ்சளாக நுரை வாந்தி எடுத்தால், அது பெரும்பாலும் வெறும் வயிற்றில் பித்தநீர் சேர்வதால்தான்; படுக்கப்போகும் முன் ஒரு கைப்பிடி உணவு கொடுத்தால் பல நாய்களுக்கு நின்றுவிடும்.

இனி பயம். தனிமைப் பழக்கத்தை நிமிடத்தில் இல்லை, நொடியில் தொடங்குங்கள். செருப்பைப் போட்டு, சாவியை எடுத்து, வெளியே போகாமல் உட்காருங்கள். அவன் கண்டுகொள்ளாத அளவுக்கு அது சாதாரணமாகட்டும். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து நொடி, பத்து, முப்பது. பழைய கைப்பேசியை உள்ளே வைத்து வீடியோவில் பாருங்கள். பிறாண்டத் தொடங்கினால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம், பாதிக்குக் குறையுங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் அவனை நீண்ட நேரம் தனியே விட்டால் செய்ததெல்லாம் வீணாகும். உறவினரோ பக்கத்து வீட்டாரோ துணை இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பயந்து ஒண்டும்போது அணைத்தால் பயம் வளரும் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அவன் வந்தால் தடவிக் கொடுங்கள். தயவுசெய்து திட்டவோ கட்டிப்போடவோ வேண்டாம்.

வெடிச்சத்தத்துக்குப் பதிவு செய்த ஒலியை, காது அசைக்கிற அளவுக்கு மட்டும் மெல்ல வைத்து, கூடவே அவன் வழக்கமான உணவிலிருந்தே ஒவ்வொரு வாயாகக் கொடுக்கலாம். ஆனால் ஏழு வாரத்தில் இது முழுதாகப் பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் தீபாவளிக்கு மருந்து தேவைப்படும். ட்ராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை எடைக்கு ஏற்ப உங்கள் மருத்துவர் எழுதுவார். அவற்றைச் சத்தம் தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள், அந்த மருந்தே சில நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும். அசிப்ரோமசின் என்ற மயக்கமூட்டும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் கிறங்கும், பயம் குறையாது. அசையவும் முடியாமல் உள்ளே நடுங்கும் நாயைப் பார்ப்பது கொடுமை.

வெடிக்க அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நடப்பில் விடியுமுன்பே தொடங்கிவிடும். எனவே வெளியே கூட்டிப்போவதை மத்தியானச் சந்தடி குறைந்த நேரத்துக்கு மாற்றி, வாரைக் கையை விட்டு விடாமல் பிடியுங்கள். ஜன்னல் குறைந்த உள்ளறையில் மின்விசிறி ஓட, அவன் துணியும் தண்ணீரும் இருக்கட்டும். அந்த வாரம் புது உணவு எதுவும் வேண்டாம். விருந்தினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மைசூர்பாகின் நெய் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம், உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நம் வீட்டு மாத்திரைகளில் இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் மணிக்குக் கொடுக்காதீர்கள். மலம் தார்போல் கருத்தால், ஜாம் போல ரத்தமாகப் போனால், ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால், ஈறு வெளுத்தால், 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டால், அல்லது கழிச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது எந்தத் தேதியில் என்ன சத்தம் அல்லது பிரிவு, என்ன சாப்பிட்டான், மலம் எப்படி இருந்தது என்று குறித்த நோட்டையும், மலத்தின் ஒரு புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.