வறண்ட ஊரில் டேட்டா சென்டர்: ‘தண்ணீரை மறுசுழற்சி செய்கிறோம்’ என்கிறார்கள். அப்படியானால் தண்ணீர் செலவாகாதா?

செலவாகும். கூலிங் டவரில் (சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவிடும் கோபுரம்) தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவது உண்மைதான். ஆனால் சூட்டை வெளியே கொண்டுபோவதே ஆவிதான். ஆவியானது திரும்பி வராது.

சர்வர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகிறது. ஒரு யூனிட் 3,600 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,430. ஆக யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போச்சு. 1 மெகாவாட் நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட், அதாவது 35,000 லிட்டர் சொச்சம். கொஞ்சம் சூட்டைக் காற்றே நேராக வாங்கிக்கொள்ளும்தான், ஆனால் கொளுத்தும் கோடையில் அதை நம்ப முடியாது.

வெளியே அதிகம் பேசப்படாதது ப்ளோ டவுன், அதாவது டவரிலிருந்து கழிவாகத் திறந்துவிடும் தண்ணீர். தண்ணீர் ஆவியானாலும் உப்பும் சிலிக்காவும் தொட்டியிலேயே தங்கும். சிலிக்கா 150 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 150 பங்கு) தாண்டினால், குளிரூட்டும் இயந்திரம் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கண்டென்சர் குழாய்க்குள் கண்ணாடி மாதிரி படியும்; வழக்கமான ஆசிட் கழுவலுக்கு மசியாது. அதனால் கெட்டியான தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்கிறார்கள். வரும் தண்ணீரிலேயே 50 பிபிஎம் சிலிக்கா இருந்தால் மூன்று மடங்குக்கு மேல் கெட்டியாக விட முடியாது. அதாவது 2 லிட்டர் ஆவியானால் 1 லிட்டர் கழிவு. அதே 1 மெகாவாட்டுக்கு இப்போது 53,000 லிட்டர். போர் தண்ணீர் மோசமான ஊரில் தண்ணீர்ச் செலவும் கூடுதல் என்பது இதனால்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மழை மறைவுப் பகுதியில் இருக்கும் ஊர் தி டால்ஸ். அங்குள்ள கூகுள் டேட்டா சென்டரின் தண்ணீர்க் கணக்கைக் கேட்ட தி ஓரிகோனியன் பத்திரிகை மீது, வணிக ரகசியம் என்று சொல்லி நகர நிர்வாகமே 2021இல் வழக்குப் போட்டது. 2022 கடைசியில் கணக்கு வெளிவந்தது: 2021இல் சுமார் 134 கோடி லிட்டர், ஊர் மொத்தத்தில் கால் பங்குக்கும் மேல்.

உங்கள் ஊரில் கேட்க வேண்டியது மேக்கப் லைன் (டவருக்குப் புதுத் தண்ணீர் வரும் குழாய்) மீட்டரின் மாதவாரி ரீடிங். ஆண்டு சராசரியை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். வெளிக்காற்று குளிராக இருக்கும்வரை பல இடங்களில் தண்ணீரே தொடமாட்டார்கள். உங்கள் குழாய் காய்கிற மாதங்களில்தான் மொத்தமாக இழுப்பார்கள்.

‘காற்றிலேயே குளிர்விக்கிறோம்’ என்றால் கரன்ட் எவ்வளவு கூடும், எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அனல்மின் நிலையம் என்றால் அங்கே தண்ணீர் ஆவியாகும்.

‘கழிவுநீரையே பயன்படுத்துவோம்’ என்பது நடக்கக்கூடியதுதான். அரிசோனா பாலைவனத்தில் பாலோ வெர்டே அணுமின் நிலையம் ஃபீனிக்ஸ் வட்டாரக் கழிவுநீரில்தான் குளிர்கிறது. ஆனால் அதற்கென்றே தனிச் சுத்திகரிப்பு ஆலையும், மிஞ்சும் உப்புநீரைக் காயவிடப் பெரிய குளங்களும் வைத்திருக்கிறார்கள். திட்ட அறிக்கையில் இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.