வீட்டுக்கு வீடு மாறித் தங்கலாமா?

கேள்வி: இவ்வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்று ஐந்து இரவுகள் தங்கிவர விரும்புகிறோம். மாமியாரோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். விடுதியில் இரண்டு அறைகளுக்கு நாளொன்றுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் பழைய தோழி, "நீங்கள் எங்கள் வீட்டில் தங்குங்கள், நாங்கள் கல்லடிக்கு வந்து உங்கள் வீட்டில் தங்குகிறோம்" என்கிறார். இப்படிச் செய்து எங்களுக்குப் பழக்கமில்லை. நம்பிச் செய்யலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. ஐந்து இரவுகளுக்கு 90,000 ரூபாய் மிஞ்சுகிறது என்பது வெளிப்படையான கணக்கு. அதைவிடப் பெரிய மிச்சம் குசினியில் இருக்கிறது. ஆறு பேர் மூன்று வேளையும் கடையில் சாப்பிடும் செலவு குறைவதோடு, உங்கள் மாமியாருக்கு விடியற்காலையில் கஞ்சியும் மருந்துக்கு வெந்நீரும் யாரிடமும் கேட்காமல் கிடைக்கும். இந்த ஏற்பாடு உலகத்துக்கும் புதிதன்று. நீண்ட விடுமுறை இருந்தும் விடுதியில் தங்கப் பணம் போதாத ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் 1953 ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. நல்லூரில் கொடியேறி இருபத்தைந்து நாட்களும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் எவரும் தம் வீட்டை விட்டு வெளியே போக விரும்பமாட்டார். சொந்தபந்தமெல்லாம் அவர் வீட்டுக்கே வந்து இறங்கும் காலம் அது. உங்கள் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரை நீங்களும் கல்லடியை விட்டு அசையமாட்டீர்கள் அல்லவா? ஆகவே, "வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் வேறிடம் போகிறீர்களா, அல்லது நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கப் போகிறோமா?" என்று தோழியிடம் முதலில் கேளுங்கள். ஒன்றாக இருப்பதென்றால் அது வீட்டு மாற்று அன்று, விருந்து. விருந்தும் நல்லதுதான், ஆனால் ஒரே குளியலறையை இரண்டு குடும்பங்கள் காலைப் பூசைக்கு முன் பங்கிட வேண்டியிருக்கும் என்பதை இரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். மேல்மாடியோ, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பூட்டிய வீடோ தோழியின் பொறுப்பில் இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

அவர் உங்களிடம் வருவது அதே நாட்களில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் இப்போதும் மற்றவர் பிறகும் தங்குவது உலகெங்கும் உள்ள வழக்கமே. மே முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் நீங்கள் வெளியூர் போகும் ஒரு வாரத்தை அவருக்குக் கொடுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரையான நாட்களை மட்டும் கொடுக்காதீர்கள். மழைவெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் பிள்ளைகளோடு வந்து இறங்குபவர்களுக்கு அது விடுமுறையாக இராது.

அடுத்தது, பேசியதை எழுதி வைப்பது. சிநேகிதர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் தங்கிய ஒரு குடும்பம், கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கியதில் அது எரிந்துபோனது. தாங்கி நிரம்பினால் எங்கள் மோட்டார் தானாக நிற்காது என்பதை நான் சொல்லவில்லை. யார் பணம் கொடுப்பது என்று இரு பக்கமும் வாய் திறந்து கேட்காமல் இருந்து, இரண்டு வருடங்கள் பேச்சே இல்லாமல் போனது. சொல்லாமல் விட்ட நானே அந்தச் செலவுக்குப் பொறுப்பு என்பதில் இன்று எனக்குச் சந்தேகமில்லை.

அதனால் மோட்டாரை எப்போது நிறுத்துவது, காஸ் சிலிண்டர் தீர்ந்தால் யார் வாங்குவது, உடைந்த பொருளுக்கு எவ்வளவுவரை பொறுத்துக்கொள்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு வீட்டிலும் வையுங்கள். மின்மானியின் அளவை வரும் நாளிலும் போகும் நாளிலும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் மின்கட்டணத்தில் மனவருத்தம் வராது. நகையையும் காணி உறுதியையும் வங்கியிலோ தாய்வீட்டிலோ வைத்துவிடுங்கள். ஓர் அறையைப் பூட்டி வைப்பதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மச்சம் சமைப்பதில்லை. அவர்கள் உங்களிடம் வரும்போதோ வாவி இறால் வாங்கிச் சமைக்க ஆசைப்படுவார்கள். எந்தச் சட்டி எதற்கு என்பதை இரு பக்கமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய முகங்கள் வளவுக்குள் நடமாடும் என்று அயலவருக்கும் ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் இருப்பது வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: பொத்துவிலில் எங்கள் தகப்பனாரின் வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டு மாற்று இணையத்தளத்தில் அதைச் சேர்த்தால், கனடாவுக்குத் தன்னிடம் வரும்போது விடுதிச் செலவில்லாமல் வேறு ஊர்களையும் பார்க்கலாம் என்று மகன் சொல்கிறார். இது சரிவருமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சரிவரும். 1992 இல் தொடங்கிய ஹோம் எக்ஸ்சேஞ்ச் போன்ற தளங்களில் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால், உங்கள் வீட்டில் ஒருவர் தங்கும் இரவுகளுக்குப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு நீங்கள் வேறொருவர் வீட்டில் தங்கலாம். பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காக வெளிநாட்டவர் வரும் மே முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் உங்கள் வீட்டுக்கு மதிப்பு அதிகம். அந்த மாதங்களில் வாடகைக்கு விடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இழக்கும் வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். தங்குபவரிடம் பணம் வாங்கினால் அது மாற்று அன்று, விருந்தினர் இல்லம் நடத்துவதாகிவிடும். அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு வேண்டும். வீடு கிடைத்துவிட்டது என்பதால் விசா கிடைத்துவிடாது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.

கடற்காற்றில் பூட்டிக் கிடந்த வீட்டின் பூட்டும் சன்னல் கம்பியும் துருப்பிடித்திருக்கும். அவற்றைப் பழுதுபார்த்து, நுளம்பு வலை கட்டி, திறப்பைக் கையில் கொடுக்க அங்கேயே ஒருவரை ஒழுங்கு செய்த பிறகு படங்களை ஏற்றுங்கள். தகப்பனாரின் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் எல்லோரது சம்மதத்தையும் அதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.