டெக்சாஸுக்குள் மட்டும் ஓடும் லாரிக்கு எவ்வளவு காப்பீடு வேண்டும்?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். பழைய டிராக்டர் லாரி ஒன்றைக் கடனில் வாங்கி, துறைமுகத்திலிருந்து டாலஸுக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் தொழிலைச் சொந்தப் பெயரில் தொடங்கவிருக்கிறேன். டெக்சாஸ் எல்லையைத் தாண்டப் போவதில்லை என்பதால் 5 லட்சம் டாலர் காப்பீடு போதும் என்கிறார்கள். அது சரியா? ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்?

பதில்: 5 லட்சம் டாலர் என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது. மொத்த எடை 26,000 பவுண்டைத் தாண்டும் லாரியை மாநிலத்துக்குள் மட்டும் வாடகைக்கு ஓட்டுவோருக்கு டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறை விதித்திருக்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு, அதாவது விபத்தில் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு கொடுக்கும் காப்பீடு, அது. ஆனால் நீங்கள் சொல்லும் வேலைக்கு அது பொருந்தாது. லாரி எந்த எல்லையைக் கடக்கிறது என்பதைவிடச் சரக்கு எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையே சட்டம் பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து டாலஸுக்கென்றே அனுப்பப்பட்டு, கப்பலில் வந்திறங்கிய சரக்கின் கடைசிக் கட்டப் பயணத்தைத்தான் நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள். ஆகவே உங்கள் சக்கரம் டெக்சாஸை விட்டு வெளியே உருளாவிட்டாலும் கூட்டாட்சி விதிகளுக்கு நீங்கள் உட்பட்டவர். இதை அறியாமல் தொழிலில் இறங்குவோரைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கூட்டாட்சி விதிப்படி, 10,001 பவுண்டும் அதற்கு மேலும் எடைத்தகுதி உள்ள லாரியில் சாதாரணச் சரக்கை வாடகைக்கு ஏற்றுவோருக்குக் குறைந்தபட்சம் 7.5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். ஆபத்தான சரக்குகளுக்கு அவற்றின் வகையைப் பொறுத்து இது 10 லட்சமாகவோ 50 லட்சமாகவோ உயரும். 1980-களில் நிர்ணயித்த 7.5 லட்சம் இன்றுவரை மாறவில்லை, மருத்துவச் செலவோ பல மடங்காகிவிட்டது. சரக்குத் தரகர்கள் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் 1 லட்சம் டாலர் சரக்குக் காப்பீடும் இல்லாதவருக்கு லோடு கொடுப்பதில்லை. எனவே 10 லட்சத்துக்கே பாலிசி எடுங்கள். கன்டெய்னரும் அதைத் தாங்கும் சக்கரச் சட்டமான சேசிஸும் பிறருடையவை என்பதால், அவற்றின் சேதத்துக்கான டிரெய்லர் இன்டர்சேஞ்ச் காப்பீட்டையும் கேட்பார்கள். உங்கள் லாரியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கடன் கொடுத்தவர் கட்டாயமாக்குவார்.

பாலிசியுடன் எம்சிஎஸ்-90 என்ற இணைப்பு வரும். அது உங்களைக் காக்கும் கூடுதல் காப்பீடு என்று பலர் நம்புகிறார்கள். அது பொதுமக்களுக்குத் தரப்படும் உத்தரவாதம் மட்டுமே. பாலிசியில் பெயர் சேர்க்காத உறவினர் ஒருவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்து, பாலிசி அதற்குப் பொருந்தாமல் போனால், காயமுற்றவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். வீடும் சேமிப்பும் அதற்கே போய்விடக்கூடும் என்பதால், ஸ்டியரிங்கைத் தொடும் ஒவ்வொருவரின் பெயரையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, சொந்தப் பெயரில் கூட்டாட்சிப் போக்குவரத்து உரிமம் பெற்றுப் புதிதாகத் தொடங்கும் ஒற்றை லாரிக்கு மேற்கண்ட காப்பீடுகளெல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பொதுவாக 12,000 முதல் 20,000 டாலர் வரை ஆகும். கனரக ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டாண்டுகூட ஆகாதவருக்கு இதைத் தாண்டவும் செய்யும். ஓட்டுநரின் விபத்து வரலாறு, லாரி நிற்கும் இடத்தின் அஞ்சல் குறியீடு, ஓடும் தூரம், லாரியின் மதிப்பு ஆகியவை தொகையை ஏற்றி இறக்கும். இதைத் தாங்க முடியாவிட்டால், முதல் ஓரிரு ஆண்டுகள் வேறொரு போக்குவரத்து நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் லாரியை ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து. அப்போது முதன்மைப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் அவர்களுடையதாக இருக்கும். லோடு இல்லாமல் சொந்த வேலையாக ஓட்டும் நேரத்துக்கான காப்பீட்டையும் லாரியின் சேதக் காப்பீட்டையும் நீங்கள் எடுத்தால் போதும்.

பாலிசி கையில் இருப்பதாலேயே லோடு ஏற்றிவிட முடியாது. காப்பீட்டு நிறுவனம் அதற்கான சான்றைக் கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் நேரடியாகத் தாக்கல் செய்து, உங்கள் போக்குவரத்து உரிமம் செயலுக்கு வந்திருக்க வேண்டும். தவணை தவறினால் அதே நிறுவனம் 30 நாள் முன்னறிவிப்புடன் சான்றைத் திரும்பப் பெறலாம். அந்தக் கெடுவுக்குள் வேறு சான்று தாக்கலாகாவிட்டால் உரிமம் ரத்தாகும்.